நம்ம சாமி வரலன்னு யாராவது கேட்டாங்களா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

இன்னைக்கு ஒரு பயணத்தைப் பத்திப் பேசப் போறேன். பெரிய தூரமெல்லாம் இல்ல. நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து பைக்ல ஒன்றரை மணி நேரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைன்னு ஒரு ஊர். பிச்சாவரத்துல போட்டிங் போனவங்க அந்தப் பேரை போர்டுல பார்த்திருப்பீங்க. அங்கே கடலோரமா முழுக்குத்துறைன்னு ஒரு மீனவ கிராமம் இருக்கு. மாசி மகத்தன்னைக்கு அங்கே போயிருந்தோம்.

ஆனா இந்தக் கதை கனடாவுல இருந்து ஆரம்பிக்குது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க, சுத்தி நம்ம ஊருக்கே வந்துடுவேன்.

எங்க டீம்ல ஒரு அக்கா இருக்காங்க. நோவா ஸ்கோஷியாவுல இருந்து வேலை பார்க்கிறாங்க. ஒரு வருஷம் ஆகஸ்ட் மாசம், "15ஆம் தேதி எனக்கு லீவு, எங்க நாட்டோட சுதந்திர தினம்"னு கால்ல சொன்னேன். "அன்னைக்கு எங்களுக்கும் விழா"ன்னாங்க. கனடாவோட நாள் ஜூலை 1 ஆச்சேன்னு கேட்டேன். "கனடாவுக்கு இல்ல, எங்க ஜனங்களுக்கு"ன்னாங்க.

அவங்க அகாடியன். நான் அந்த வார்த்தையையே அன்னைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். 1600கள்ல பிரான்ஸ்ல இருந்து போய் இன்னைக்கு நோவா ஸ்கோஷியா இருக்கிற பக்கம் குடியேறின விவசாயிகள். கடல் தண்ணி ஏறி இறங்குற சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டி, உப்பு போக வெச்சு, வயலாக்கினவங்க. 1713ல அந்தப் பகுதி பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போயிடுச்சு. "எங்க ராஜாவுக்கு நிபந்தனை இல்லாம விசுவாசப் பிரமாணம் எடுங்க"ன்னு கேட்டாங்க. இவங்க எடுக்கல. 1755ல ஆரம்பிச்சு, அடுத்த சில வருஷத்துல 10,000 பேருக்கு மேல பிடிச்சுக் கப்பல்ல ஏத்தி நாடு கடத்திட்டாங்க. வீடுகளைக் கொளுத்திட்டாங்க. குடும்பங்கள் ஆளுக்கொரு திசையா போச்சு. லூசியானா வரைக்கும் போனவங்கதான் அமெரிக்காவுல கேஜன்னு சொல்ற ஜனங்க. அகாடியன்ங்கிற பேர் நாக்குல தேய்ஞ்சு தேய்ஞ்சு கேஜன் ஆனது.

1764க்கு அப்புறம் திரும்பி வர அனுமதி கிடைச்சது. வந்து பார்த்தா, கரை கட்டி உண்டாக்கின வயல்ல வேற ஆளுங்க விவசாயம் பண்ணிட்டு இருக்காங்க. அதனால பாறையும் குளிருமா, யாரும் வேணாம்னு விட்ட கடற்கரையோரமா போய் உட்கார்ந்தாங்க. விவசாயிகளா போனவங்க, மீனவங்களா ஆனாங்க. அப்படி 1780கள்ல உருவான ஒரு ஊர்தான் ஷெட்டிகாம்ப். எங்க டீம் அக்கா அந்தப் பக்கத்துக்காரங்க. இன்னைக்கும் அங்கே வீட்டுல பிரெஞ்சு பேசுறாங்க. தவக்காலத்து நடுவுல ஒரு வாரம் முகமூடி போட்டுக்கிட்டு வீடு வீடா போவாங்களாம். வந்தது யாருன்னு வீட்டுக்காரங்க கண்டுபிடிக்கணும். ஆகஸ்ட் 15 சாயங்காலம் சட்டி, பானை, தகரம் எல்லாத்தையும் தட்டிக்கிட்டுத் தெருவுல ஊர்வலம். எதுக்குன்னு கேட்டேன். "நாங்க இன்னும் இருக்கோம்னு சொல்றதுக்கு"ன்னாங்க.

அப்புறம் அவங்க ஊர்ல புதுசா யாரையாவது பார்த்தா முதல்ல கேட்கிற கேள்வி, "உங்க அப்பா யாரு?" வேலை என்ன, சம்பளம் என்னன்னு கேட்கிறதெல்லாம் அப்புறம்தான். நான் சிரிச்சுட்டேன். "யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னு நம்ம ஊர்ல கேட்கிறதேதான்.

பதிலுக்கு அவங்க கேட்டாங்க: "உன் ஊர்ல என்ன பண்ணுவீங்க?"

எனக்குப் பதில் வரல.

பிளாக் நம்பர்தான் ஊரு

நெய்வேலில வளர்ந்தவங்களுக்கு இது புரியும். மத்தவங்களுக்குச் சொல்றேன். நெய்வேலி டவுன்ஷிப் ஒரு அழகான இடம். அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். முகவரி கேட்டா பிளாக் நம்பர், ரோடு பேர், வீட்டு நம்பர். 1956ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். அதுக்கப்புறம் இந்தியா முழுக்க இருந்து ஆளுங்க வேலைக்கு வந்தாங்க. என் தெருவுலேயே மலையாளம், தெலுங்கு, ஒரு பெங்காலி குடும்பம் இருந்தாங்க. ஓணத்துக்குப் பாயசம் வரும், நாங்க பொங்கலுக்குப் பொங்கல் குடுப்போம். நல்ல வாழ்க்கை. அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல.

ஆனா எங்க யாருக்குமே நெய்வேலி சொந்த ஊர் இல்ல. அப்பாவோட சொந்த ஊர் தென்காசி பக்கம். நான் அங்கே மொத்தமா சேர்த்தா ரெண்டு மாசம் இருந்திருப்பேன். அப்பா ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அதோட நெய்வேலிக்கும் எங்களுக்கும் கணக்கு முடிஞ்சுது. சின்ன வயசுல இருந்தே அது தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அதை நான் லேட்டாத்தான் யோசிச்சேன். பழுப்பு நிலக்கரி பூமிக்குள்ள 50 மீட்டருக்கும் கீழே இருக்கு. மேல இருக்கிற மண்ணை மொத்தமா எடுத்தாத்தான் அது கிடைக்கும். அந்த மண்ணுக்கு மேல ஊர்கள் இருந்துச்சு. எல்லாருக்கும் நெய்வேலி தற்காலிகமா இருந்த மாதிரி அவங்களுக்கு இல்ல. அவங்களுக்கு அதுதான் ஊரு.

என் ஸ்கூல் நண்பன் ஒருத்தன் அப்படி ஒரு குடும்பம். எண்பதுகள்ல, ரெண்டாவது சுரங்கத்துக்காக அவங்க ஊரைக் காலி பண்ணாங்க. ஊர் பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டான், அதனால சொல்லல. அவங்க மாற்றுக் குடியிருப்புக்கு வந்தாங்க. அவனும் நானும் ஒரே பெஞ்சு. என் அப்பா அதே ரெண்டாவது சுரங்கத்துல கன்வேயர் பெல்ட் மெயின்டனன்ஸ். அதாவது, அவன் தாத்தா உழுத மண்ணைத் தூக்கிட்டுப் போன பெல்ட்டை ஓட வெச்ச சம்பளத்துலதான் நான் படிச்சேன். பன்னெண்டு வருஷம் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தோம். ஒரு நாள்கூட இதைப் பத்திப் பேசினதில்ல.

கனடா அக்கா கேட்ட கேள்வியை அவன்கிட்ட சொன்னேன். அவன் உடனே சொன்னான், "எங்க ஆயாகிட்ட கேளுடா. அவங்க மாசி மகத்துக்கு வண்டி கட்டிக்கிட்டுக் கிள்ளைக்குப் போன கதையை ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க."

வண்டிப் பாதை

ஆயாவுக்கு எண்பது வயசுக்கு மேல. முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. ஆனா ஞாபகம் தெளிவா இருக்கு.

அவங்க சொன்னது இதுதான். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்குக் கிளம்புவார். வழியில ஊர் ஊரா மண்டகப்படி. அவர் கடற்கரைக்குப் போற அன்னைக்குச் சுத்துப்பட்டு ஊர்ச் சாமிகளும் போகும். இவங்க ஊர்ச் சாமியும் போகும். மாட்டு வண்டியில சாமி, பின்னாடி வண்டி வண்டியா ஜனங்க. ராத்திரி வழியில ஒரு சத்திரத்துல தங்கல். யார் வீட்டு வண்டியில சாமி ஏறணும், யார் விளக்கெண்ணெய் குடுக்கணும், யார் புளிசோறு கட்டணும், எல்லாத்துக்கும் முறை இருந்துச்சு. "எங்க வீட்டு முறை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் தம்பி. அந்த வருஷம் மாட்டுக்குக் கொம்புல பெயின்ட் அடிப்போம்"னாங்க.

ஊர் போனதுக்கு அப்புறம் ஒரு தடவைகூட போகல. ஏன்னு கேட்டேன். யாரும் தடுக்கல. ஜனங்க நாலு இடமா பிரிஞ்சுட்டாங்க. சிலர் பணத்தை வாங்கிக்கிட்டு விருத்தாசலம் பக்கம் போயிட்டாங்க, சிலர் கடலூர். சாமிக்கு மாற்றுக் குடியிருப்புல சின்னதா ஒரு கோயில் கட்டினாங்க. உற்சவர் உள்ளே பத்திரமா இருக்கு. "யாரு கூப்பிட்டு யாரு வர்றது?"ன்னாங்க ஆயா.

நாங்க போறோம்னு சொன்னதும் ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து குடுத்தாங்க. ஒரு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், கழுவிக் காய வெச்சது. "கடல் தண்ணி கொண்டாங்க. அப்புறம், எந்த எந்த ஊர்ச் சாமி வந்துச்சுன்னு எண்ணிட்டு வாங்க."

மாசி மகம்

2024 பிப்ரவரி 24, சனிக்கிழமை. லீவு போட வேண்டிய அவசியம் இல்ல. விடிகாலையில கிளம்பினோம். வடலூர்ல டீ. அங்கிருந்து சேத்தியாத்தோப்பு. அந்தப் பக்கம்தான் வளையமாதேவி. 2023 ஜூலைல விளைஞ்சு நின்ன நெல்வயல்ல இயந்திரங்கள் இறங்கினதை டிவியில பார்த்திருப்பீங்க. பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுறதுக்காக. நண்பன் அந்த இடத்துல வேகத்தைக் குறைச்சான். ஒண்ணும் சொல்லல. நானும் கேட்கல.

புவனகிரி, சிதம்பரம், அப்புறம் கிள்ளை. ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி தைக்கால்னு ஒரு இடம். அங்கே ஒரு தர்கா இருக்கு. பூவராகசாமி கடற்கரைக்குப் போற வழியில அங்கே நிக்கும். தர்கா பக்கத்துல இருந்து பெருமாளுக்குப் பட்டும் மாலையும் வரும். கோயில் பக்கத்துல இருந்து தர்காவுக்கு மாலை போகும். ஒரு நவாப்புக்கு நோய் குணமானதுக்காக நிலம் எழுதி வெச்சார்னு ஒரு கதை சொல்றாங்க. எனக்கு அந்தக் கதையைவிட, கூட்டத்துல என் பக்கத்துல நின்னவர் சொன்னதுதான் பிடிச்சது. ஏதோ பெருசா மத நல்லிணக்கம்னு பேசுவார்னு நான் மைக்கை நீட்டினேன். அவர், "நம்ம முறைங்க, செய்யணும்ல"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டார். கல்யாண வீட்டுல மாமன் சீர் வைக்கிற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டார்.

இன்னொரு விஷயம். வராக அவதாரம்னா என்ன கதை? கடலுக்குள்ள போன பூமியைப் பன்றி உருவத்துல போய்த் தோண்டி மேல எடுத்துட்டு வந்த சாமி. நெய்வேலிக்காரங்களா அதைப் பார்த்துட்டு நின்னோம். நண்பன் காதுல சொன்னான், "இவரு பூமியைத் தோண்டினாரு, ஆனா திருப்பிக் குடுத்துட்டாருடா." நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல.

முழுக்குத்துறைக்கு வந்தா, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ஜனங்க. ஃபைபர் போட்டெல்லாம் கரையில ஏத்தி வெச்சிருக்கு. அன்னைக்கு யாரும் கடலுக்குப் போகல. ஒவ்வொரு ஊர்ச் சாமியும் டிராக்டர்ல, மினி லாரியில, தோள்ல வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு பக்கம் செத்துப்போனவங்களுக்குத் தர்ப்பணம் குடுக்கிறவங்க. ஒரு பக்கம் வளையல் கடை, கரும்புச் சாறு, பொரி. பெருமாள் கடல் பக்கம் போனதும் கூட்டம் மொத்தமா தண்ணிக்குள்ள இறங்குச்சு. நானும் இறங்கினேன். ஃபோன் கையில இருந்ததால முழுசா முங்க முடியல. முங்கி எழுந்த நண்பன் என்னைப் பார்த்து, "நீ வீடியோ எடுக்கத்தான் வந்தியா?"ன்னான். அது கொஞ்சம் சுட்டது.

எந்த ஊரு?

குளிச்சுட்டு ஒரு வலை காயப் போட்ட இடத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தோம். ஒரு வயசான அம்மா, அந்த ஊர்க்காரங்க, எங்களுக்குச் சொம்புல தண்ணி குடுத்தாங்க. குடுத்துட்டு முதல் கேள்வி: "எந்த ஊரு தம்பி?"

"நெய்வேலிம்மா."

"நெய்வேலில எந்த ஊரு?"

நான் பிளாக் நம்பர் சொன்னேன். அவங்க அதைக் காதுலயே வாங்கல. நண்பன் பக்கம் திரும்பினாங்க. அவன் அவங்க பழைய ஊர் பேரைச் சொன்னான். அந்தப் பேரை அவன் வாயில நான் முதல் தடவையா கேட்டேன். ஸ்கூல் ரெக்கார்ட்ல, ஆதார்ல எங்கேயும் அது இல்ல.

இந்த இடத்துல சினிமாவா இருந்தா, அந்த அம்மா கண் கலங்கி, "அந்த ஊரா! எனக்குத் தெரியுமே!"ன்னு சொல்லியிருப்பாங்க. அப்படி நடக்கல. அவங்களுக்கு அந்தப் பேர் தெரியல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அந்தச் சுரங்கத்துப் பக்கத்துல இருந்து முன்னெல்லாம் வண்டி கட்டி வருவாங்கப்பா. நான் கல்யாணமாகி வந்த புதுசுல பார்த்திருக்கேன். எங்ககிட்டதான் கருவாடு வாங்குவாங்க, நெல்லு குடுத்துட்டுப் போவாங்க. இப்போ ஏன் காணோம்?"னாங்க.

நண்பன் சொன்னான், "ஊரு இல்லம்மா. சுரங்கத்துக்கு எடுத்துட்டாங்க."

அவங்க கடலைக் காட்டினாங்க. "எங்களையும்தான் அது எடுத்துச்சு."

2004 சுனாமி. பிச்சாவரம் காட்டுக்கும் கடலுக்கும் நடுவுல திட்டுகள் இருக்கு. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடுன்னு அங்கே மீனவ ஊர்கள் இருந்துச்சு. அலைக்கு அப்புறம் அந்த ஜனங்க உள் பக்கமா வந்து குடியேறினாங்க. அந்த அம்மாவோட தங்கச்சி குடும்பம் அதுல ஒண்ணு. "வீடு மாறிடுச்சு. ஆனா கோயில் வரி அதே ஊருக்குத்தான் குடுக்குறாங்க. பஞ்சாயத்து அதேதான். படகுல யாரு யாரு சேர்ந்து போறதுங்கிறதும் அதேதான்."

எனக்கு அங்கேதான் ஒரு விஷயம் தட்டுச்சு. அகாடியன் கதையும் இதும் ஒண்ணேதான். நிலம் போனாலும் அவங்க ஜனங்களா இருந்ததுக்குக் காரணம், ஒருத்தருக்கொருத்தர் செய்ய வேண்டியது பாக்கி இருந்துச்சு. முகமூடி போட்டு வந்தா கதவைத் திறந்து கண்டுபிடிக்கணும். பட்டு வந்தா மாலை போகணும். வரி கட்டணும். கலாச்சாரம்னு நாம மியூசியத்துல தேடுறது, அங்கே ஒரு பாக்கிக் கணக்கா ஓடிட்டு இருக்கு. கணக்கு முடிஞ்சாத்தான் ஊர் முடியும்.

இப்போ நண்பனோட ஊரைப் பாருங்க. நிலத்துக்கு விலை போடலாம். வீட்டுக்கு, கிணத்துக்கு, மரத்துக்கு விலை போடலாம். 2013ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்துல, மறுகுடியமர்த்துற இடத்துல என்னென்ன இருக்கணும்னு ஒரு அட்டவணையே இருக்கு. ரோடு, குடிதண்ணி, பள்ளிக்கூடத்தோட, ஐம்பது குடும்பத்துக்கு ஒரு வழிபாட்டு இடமும் ஜனங்க கூடுறதுக்கு மரத்தடி மேடையும் வேணும்னு எழுதியிருக்கு. யாரோ யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க. ஆனா மேடை கட்டிக் குடுக்கலாம். அதுல வந்து உட்கார வேண்டியவங்க விருத்தாசலத்துலயும் கடலூர்லயும் இருந்தா? பணம் ஒவ்வொரு பட்டாவுக்கும் தனித்தனியா வந்துச்சு. ஊருன்னு ஒண்ணு இருந்துச்சே, அதுக்குன்னு யாரும் ஒண்ணும் எழுதல.

அழகா மட்டும் சொல்லிட்டா தப்பு

மீனவ கிராமத்துக்கு ஒரு நாள் போயிட்டு வந்து "ஆஹா, என்ன வாழ்க்கை"ன்னு பேசுற எபிசோடா இது ஆயிடக் கூடாது. அதனால இதையும் சொல்றேன்.

ஊர்க் கட்டுப்பாடுன்னா அபராதமும் உண்டு, ஒதுக்கி வைக்கிறதும் உண்டு. பஞ்சாயத்துல உட்கார்றது ஆம்பளைங்கதான். மீனைக் கூடையில சுமந்து விக்கிறது பொம்பளைங்க. கிள்ளை பக்கத்துலேயே உப்பங்கழியில இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் இருக்காங்க. சாதிச் சான்றிதழுக்கே வருஷக்கணக்கா போராடினவங்க. இந்த முறை, வரிசையில அவங்க இடம் எதுன்னு கேட்டா, அங்கே பேச்சு கொஞ்சம் தயங்குது.

பிழைப்பும் சுலபம் இல்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு, சுருக்குவலைன்னு கடலூர் மாவட்டத்துல ஊருக்கு ஊர் சண்டையே நடந்திருக்கு. நாங்க பேசின ஒரு அண்ணன் பையனைக் கடலுக்கு அனுப்பல, ஐடிஐ படிக்க வெச்சிருக்கார். "பாடு சரியில்ல தம்பி. டீசல் போட்ட காசு வந்தாலே பெருசு"ன்னார். பாடுன்னா அவங்க பேச்சுல அன்னைக்குக் கிடைச்ச மீன். நமக்கு அந்த வார்த்தைக்குக் கஷ்டம்னு அர்த்தம். ரெண்டும் சரிதான் போல.

கனடாவுலயும் இதே கதை. 1990கள் ஆரம்பத்துல காட் மீன் கிட்டத்தட்டத் தீர்ந்துபோய் அரசாங்கம் அதைப் பிடிக்கத் தடை போட்டது. எங்க டீம் அக்காவோட அப்பா அந்தச் சமயத்துலதான் படகை வித்தார். அவங்க பிள்ளைங்க பிரெஞ்சுல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றாங்களாம்.

ஒரு சின்ன வரலாறும் சொல்லிடறேன், எனக்கு இது ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. அகாடியன்களைத் துரத்தின அதே பிரிட்டிஷ் பிரெஞ்சுச் சண்டை நம்ம கரையிலயும் நடந்துச்சு. 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சு இடிச்சார். 1761ல பிரிட்டிஷ்காரங்க பாண்டிச்சேரியைப் பிடிச்சு இடிச்சாங்க. 1763 பாரிஸ் ஒப்பந்தத்துல பாண்டிச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பக் கிடைச்சது. அதே ஒப்பந்தத்துல கனடா பிரான்ஸோட கையை விட்டுப் போச்சு. ஒரே காகிதம். அதுல கையெழுத்துப் போட்டவங்க யாரும் அகாடியன்களையோ முழுக்குத்துறைக்காரங்களையோ கேட்கல.

ஆயாவோட கேள்வி

சாயங்காலம் திரும்பி வந்தோம். ஆயா வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க. பாட்டிலைக் குடுத்தோம். மூடியைத் திறந்து உள்ளங்கையில கொஞ்சம் ஊத்தித் தலையில தெளிச்சுக்கிட்டாங்க. மிச்சத்தை எங்க மேலயும் தெளிச்சாங்க. அப்புறம் கணக்குக் கேட்டாங்க.

நாங்க போர்டு பார்த்து, ஆளுங்ககிட்ட கேட்டு, ஃபோன்ல குறிச்சு வெச்சிருந்த ஊர் பேரை எல்லாம் படிச்சோம். ஒவ்வொரு பேருக்கும் "ம்"ன்னாங்க. ரெண்டு மூணு இடத்துல நிறுத்தி, "இது முன்னாடி வராதே, புதுசா வருதா?"ன்னாங்க. லிஸ்ட் முடிஞ்சுது. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க:

"நம்ம சாமி வரலன்னு யாராவது கேட்டாங்களா?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் சொன்னான், "ஒரு அம்மா கேட்டாங்க ஆயா. சுரங்கத்துப் பக்கத்து வண்டிங்க இப்போ ஏன் காணோம்னு கேட்டாங்க."

ஆயா தலையை ஆட்டினாங்க. "கருவாட்டுக்காரங்களா இருக்கும்"னாங்க. அவ்வளவுதான்.

அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் உள்ள ஓடுது. எத்தனையோ ரிப்போர்ட்ல இடம்பெயர்ந்த குடும்பங்கள் இத்தனைன்னு நம்பர் பார்த்திருப்போம். நம்பர் இருக்கும். ஆனா ஆயா கேட்டது நம்பர் இல்ல. வரிசையில நம்ம இடம் காலியா இருக்கே, அது யார் கண்ணுலயாவது பட்டுச்சான்னு கேட்டாங்க. அந்த இடம் காலியா இருக்கிறது யாருக்காவது தெரியுற வரைக்கும் ஊர் முழுசா போகல. அதை அவங்க பார்த்துக்கிட்டே இருக்காங்க, நாப்பது வருஷமா.

அடுத்த வருஷம்

இதை 2024லயே எபிசோடா போட்டிருக்கலாம். ஆனா நண்பன், "இரு"ன்னான். அவன் ஆயா பேசினதை மூணு நிமிஷ வாய்ஸ் நோட்டாக்கிச் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டான். அது அங்கிருந்து வேற குரூப்புக்குப் போச்சு. ஒரு வாரத்துல அவனுக்கே தெரியாத நம்பர்ல இருந்தெல்லாம் கால். "நாங்களும் அந்த ஊர்தான், எங்க வீடு குளத்துக்குத் தெற்கால இருந்துச்சு." "எங்க தாத்தாதான் சாமி வண்டி ஓட்டுவார்."

2025 மார்ச் 12, மாசி மகம். புதன்கிழமை. ஒரு வேன் எடுத்தாங்க. 14 பேர். நானும் லீவு போட்டுட்டுப் போனேன். இந்தத் தடவை ஃபோனை வேன்லயே வெச்சுட்டு முங்கினேன். ஆயா வேனை விட்டு இறங்கி, ரெண்டு பேர் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, தண்ணியில காலை நனைச்சாங்க. போன வருஷம் தண்ணி குடுத்த அம்மாவைத் தேடினோம், அன்னைக்குக் கண்ணுல படல. ஆனா ஆயா கருவாடு வாங்காம வேன்ல ஏறல.

சாமி வந்துச்சான்னுதானே கேட்கிறீங்க? வரல.

ஏன்னா, சாமியைக் கொண்டு போறது யார் முறைன்னு சண்டை. நண்பனோட பெரியப்பா, "ஊர் போனப்ப அடுத்த முறை எங்களுது, அதனால நாங்கதான்"கிறார். கடலூர்ல இருக்கிற இன்னொரு குடும்பம், "அது எப்படி, நாப்பது வருஷத்தையும் எண்ணு, கணக்குப் போட்டா எங்களுது வரும்"ங்குது. ரெண்டு கூட்டம் போட்டாச்சு. முடிவாகல. ஒருத்தர் எழுந்து வெளியே போயிட்டாராம். நண்பன் ஒரு எக்ஸெல் ஷீட்டே போட்டு வெச்சிருக்கான். அதை ரெண்டு தரப்பும் ஒத்துக்கல.

நான் இதை வருத்தமா சொன்னேன், ஆயாகிட்ட. அவங்க சிரிச்சாங்க. இத்தனை நாள்ல அவங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. "முறைக்குச் சண்டை போடுறாங்களா? அப்போ சரி. ஊரு இருக்கு"ன்னாங்க.

மக்களே, இதைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேர் என்னை மாதிரி ஃபிளாட் நம்பர், பிளாக் நம்பர்ல வளர்ந்தவங்கதான். வீட்டுல பெரியவங்க இருந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "நம்ம ஊர்ச் சாமி எந்தக் கரைக்குப் போகும், நம்ம வீட்டு முறை என்ன?"ன்னு. பதில் தெரிஞ்சா ரெக்கார்ட் பண்ணி வைங்க. மைக் எல்லாம் வேணாம், ஃபோன் போதும். எனக்கு அனுப்பணும்னு அவசியமில்ல. உங்க சொந்தக்காரங்க குரூப்ல போடுங்க. யாராவது ஒருத்தர் சண்டைக்கு வந்தா, வேலை ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம்.

கனடா அக்காகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "அடுத்த தடவை சட்டி பானையையும் எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. சொல்லியிருக்கேன். ஆயா பழைய பித்தளைத் தாம்பாளம் ஒண்ணை எடுத்து வெச்சிருக்காங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.